முதல் 446 பைட்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நமது பேரவைச் செயலாளர் இரண்டு வாரமாக என்னை கேன்டீனில் டீ குடிக்கவிடாமல் துரத்துகிறார். கவிதை எனக்கு வராது. காதல் கவிதை எழுத சிவில் பிரிவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள்; அவர்கள் பிழைப்பில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஸ்விட்ச் போட்டதும் கம்ப்யூட்டர் எப்படி எழுந்திருக்கிறது, சில நாள் ஏன் எழுந்திருக்க மறுக்கிறது என்பது. அதை எழுதுகிறேன். மெக்கானிக்கல் நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் ஓர் அக்காவின் வேலை போகவிருந்த கதையும் இருக்கிறது.

உங்கள் பாஷையிலேயே ஆரம்பிக்கிறேன். லாரியின் டீசல் இன்ஜின் தானாகச் சுற்ற ஆரம்பிக்காது. செல்ஃப் மோட்டார் என்று ஒரு சின்ன மோட்டார் அதைச் சுற்றிவிட வேண்டும். இன்ஜின் பிடித்துக்கொண்டதும் செல்ஃப் ஒதுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஐநூறு கிலோமீட்டர் ஓடினாலும் அதைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வராது. மறுநாள் காலை செல்ஃப் எடுக்காவிட்டால்தான் கிளீனரில் இருந்து முதலாளி வரை எல்லோரும் அதன் பெயரைச் சொல்வார்கள். கம்ப்யூட்டரில் அந்த செல்ஃப் மோட்டாருக்குப் பெயர் பூட் லோடர்.

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் இது இரண்டு மார்க் கேள்வி. ஸ்விட்ச் போட்டதும் மதர்போர்டில் உள்ள பயாஸ் விழித்து, மெமரி, கீபோர்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு ஹார்ட் டிஸ்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கிறது. அந்த 512-இல் 446 பைட் பூட் லோடருக்கு. 64 பைட், டிஸ்க் எத்தனை பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு. கடைசி இரண்டு பைட் ஒரு முத்திரை. 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடு வந்த டாஸ் 2.0 காலத்து ஏற்பாடு இது. புதிய மெஷின்களில் யுஇஎஃப்ஐ வந்து கதை மாறிவிட்டது என்றாலும், பழைய சர்வர்கள் ஊரெங்கும் இன்னும் இந்த 446 பைட்டை நம்பித்தான் எழுந்திருக்கின்றன.

446 பைட்டில் என்ன எழுத முடியும்? இந்தப் பத்தியைக்கூட அதற்குள் அடைக்க முடியாது. அதனால் அந்தச் சின்ன நிரல் செய்வது ஒரே வேலை: தன்னைவிடக் கொஞ்சம் பெரிய நிரல் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்று தேடி எழுப்புவது. அந்தப் பெரியவர் எழுந்து கெர்னலை எழுப்புவார். கல்யாண வீட்டில் விடியற்காலை சமையல்காரரை எழுப்ப ஒரு பொடியனை அனுப்புவார்களே, அந்த மாதிரி.

லினக்ஸுக்கு ஆரம்பத்தில் இந்த வேலையைச் செய்தது லிலோ. 1992-இல் இருந்து 1998 வரை வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் என்பவர் அதை வளர்த்தார். அதன் குணம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு கட்டம் தாண்டும்போதும் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் போடும். ஆங்கிலத்தில் நாலு எழுத்தும் வந்தால் சுகம். இரண்டு எழுத்தோடு நின்றால், முதல் கட்டம் முடிந்தது, இரண்டாவது கட்டத்தில் தகராறு என்று அர்த்தம். நோயாளியே எங்கே வலிக்கிறது என்று கை காட்டுவது போல! ஆனால் லிலோவுக்குக் கோப்பு, ஃபோல்டர் எதுவும் புரியாது. கெர்னல் டிஸ்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற விலாசத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோவிடம் சொல்லாமல் விட்டால், அது பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். 1995-இல் எரிக் போலின் தொடங்கிய க்ரப் அப்படி இல்லை. ஃபைல் சிஸ்டத்தைத் தானே படித்துக் கெர்னலைத் தேடிக்கொள்ளும். லிலோவை வளர்க்கும் வேலை 2015 டிசம்பரோடு நின்றது. இன்று லினக்ஸ் சர்வர் என்றால் பெரும்பாலும் க்ரப்தான்.

நம் தமிழ்நாட்டில் க்ரப் வீடு வீடாகப் போன கதை ஒன்று உண்டு. 2011 செப்டம்பரில் அரசு இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. பிளஸ் டூ மாணவர்களோடு நம்மைப் போன்ற பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் எல்காட் மூலம் லேப்டாப் கிடைத்தது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கியது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. திரையில் தமிழிலேயே மெனு வைத்துக்கொள்ளலாம். லேப்டாப்பைத் திறந்ததும் இரண்டில் எது வேண்டும் என்று ஒரு மெனு கேட்கும். அந்த மெனுதான் க்ரப். அதன் பெயர் தெரியாமலேயே எத்தனையோ பிள்ளைகள் தினமும் அதோடு பழகினார்கள்.

என் அண்ணனுக்கும் ஒன்று கிடைத்தது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு வருடம் கழித்து வைரஸ் வந்துவிட்டது என்று கடையில் கொடுத்தான். விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். மெனு காணாமல் போயிற்று. "லினக்ஸ் அழிஞ்சு போச்சுடா" என்றான் அண்ணன். அழியவில்லை! விண்டோஸை நிறுவும்போது அது அந்த முதல் 446 பைட்டில் தன் ஆளை உட்கார வைத்துவிடும். பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்காது. பாஸ் உள்ளே முழுசாக இருந்தது, வாசல் மட்டும் இல்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு லைவ் சிடியை வைத்து அந்த மெனுவை நான் திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அம்மா, "சரி, சாப்பிட வா" என்றார்.

இனி கோபாலபுரம்.

சாயங்காலங்களில் நான் பார்ட் டைம் வேலை பார்ப்பது அங்கே ஓர் ஆடிட்டர் ஆபீஸில். லாயிட்ஸ் ரோட்டில் இருந்து உள்ளே போகும் ஒரு தெரு. பலகையில் அவ்வை சண்முகம் சாலை என்றுதான் இருக்கும். ஆனால் ஷேர் ஆட்டோக்காரரிடம் லாயிட்ஸ் ரோடு என்றால்தான் சட்டென்று புரிகிறது. கீழே வீடு, மாடியில் ஆபீஸ். ஏழு கம்ப்யூட்டர், மூலையில் ஒரு டவர் சர்வர். 2017-இல் வாங்கியது, டெபியன் லினக்ஸ். ஐம்பதுக்கும் மேற்பட்ட வியாபாரிகளின் கணக்கு அதற்குள். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க், ரெய்டு 1 முறையில்: ஒன்றில் எழுதுவதெல்லாம் மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும்.

அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது ஓர் அக்கா. அவர் கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல, பி.காம். பதினோரு வருடமாக அங்கே இருக்கிறார். சர்வரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். கரண்ட் எப்போது போனது, பேக்கப் எப்போது எடுத்தது, யார் வந்து எதைக் கழற்றினார்கள், எல்லாம் தேதியோடு. நாங்கள் அதை சர்வர் ஜாதகம் என்று கிண்டல் செய்வோம்.

2024 செப்டம்பர் 18, புதன் சாயங்காலம். கரண்ட் போய் நெடுநேரம் வரவில்லை. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. நோட்டில் இருந்த முறைப்படி அக்கா சர்வரை ஷட்டவுன் செய்தார். வியாழன் காலை ஸ்விட்ச் போட்டபோது, பூட் செய்வதற்கு எந்த டிஸ்கும் இல்லை என்று ஒரே ஒரு வரி கறுப்புத் திரையில் வந்து நின்றது. இருபதாம் தேதி ஆகஸ்ட் மாத ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் கடைசி நாள். தாண்டினால் ஒவ்வொரு வியாபாரிக்கும் நாளைக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. பணத்தைவிட, அவர்களுக்கு யார் பதில் சொல்வது?

பத்தே கால் மணிக்கு அக்கா போன் செய்தார். "தம்பி, கிளாஸ்ல இருக்கியா? கொஞ்சம் வர முடியுமா?" குரல் சரியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஆடிட்டர் சார் சத்தம் போட்டு முடித்திருந்தார். அது இன்னும் மோசம். மெதுவான குரலில், "மாசக்கணக்கா நிக்காம ஓடிட்டிருந்த மெஷின்ப்பா. நேத்து இவங்க ஆஃப் பண்ணாங்க, இன்னைக்கு எழுந்திருக்கலை. இதுக்கு மேல என்ன சொல்லணும்?" என்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜூலையில் உலகம் பூராவும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்தது நினைவிருக்கும். ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய ஒரு அப்டேட்டால், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருந்த பல மெஷின்களில் லினக்ஸ் பக்கம் பூட் ஆகாமல் நின்றது. அதுபோல ஏதாவது இருக்குமோ என்று ஒரு ஜூனியர் கேட்டார். இந்த சர்வரில் விண்டோஸே இல்லை, அதனால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

சர்வீஸ் பார்ப்பவரிடம் ஏற்கெனவே போனில் கேட்டுவிட்டார்களாம். டிஸ்க் போயிருக்கும், கொண்டுவாருங்கள், புதிதாக ஓஎஸ் போட்டுத் தருகிறேன், இரண்டு நாள் ஆகும் என்றாராம். நோட்டின்படி கடைசி பேக்கப் வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு ஏற்றிய பில்கள் எல்லாம் சர்வருக்குள் மட்டுமே.

நான் சாரிடம் கேட்டது ஒன்றுதான்: "சார், ஒரு மணி நேரம் கொடுங்க. டிஸ்க்ல எதையும் எழுதாம பார்க்கிறேன்." இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூட் ஆகவில்லை என்றதும் ஃபார்மட் என்று வாயெடுப்பவர்கள் நம் ஊரில் அதிகம். பூட் ஆகாதது என்பது ஓர் அறிகுறி. காய்ச்சல் என்றதும் யாரும் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவதில்லை.

என் பையில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் போட்ட பென் டிரைவ் எப்போதும் இருக்கும். அதில் இருந்து சர்வரை எழுப்பினேன். இரண்டு டிஸ்கும் தெரிந்தன. ரெய்டைச் சேர்த்துப் பார்த்தேன். இரண்டும் நலம், இரண்டும் ஒத்துப்போயிருக்கின்றன என்று வந்தது. படிக்க மட்டும் என்ற முறையில் மவுன்ட் செய்தேன். அத்தனை ஃபோல்டரும் இருந்தன. புதன் மாலை நாலரை மணிக்கு அக்கா கடைசியாகச் சேமித்த எக்செல் கோப்பு உட்பட. "சார், டேட்டா பூரா இருக்கு" என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா அப்போதும் உட்காரவில்லை.

முதலில் வேறொரு ஹார்ட் டிஸ்கில் எல்லாவற்றையும் காப்பி எடுத்தோம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு டிஸ்கின் முதல் 512 பைட்டையும் ஹெக்ஸில் பார்த்தேன். க்ரப் இருக்கும் டிஸ்கில் இந்தப் பகுதியில் ஆங்கிலத்தில் அதன் பெயரே நாலெழுத்தில் தெரியும். முதல் டிஸ்கில் 446 பைட்டும் வரிசையாக வெறும் பூஜ்யம். அதன் பிறகு அட்டவணையும் முத்திரையும் சரியாக இருந்தன. இரண்டாவது டிஸ்கிலும் அந்த நாலெழுத்து இல்லை. அத்தனை கணக்கும் பத்திரமாக இருக்கிறது, எழுப்பிவிடும் பொடியன் மட்டும் எந்த வீட்டிலும் இல்லை! இத்தனை நாள் எப்படி ஓடியது?

டிஸ்குகள் தாங்கள் ஓடிய மணிக்கணக்கைத் தங்களுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். ஸ்மார்ட் விவரத்தைக் கேட்டேன். இரண்டாவது டிஸ்க் அறுபதாயிரம் மணியைத் தாண்டியிருந்தது. ஏழு வருடம், சரிதான். முதல் டிஸ்க் வெறும் 1,974 மணி. 24-ஆல் வகுத்தால் 82 நாள். புதன்கிழமையில் இருந்து பின்னால் எண்ணினால் ஜூன் 28.

"அக்கா, உங்க நோட்டைக் கொண்டாங்க."

ஜூன் 28, வெள்ளி. அக்காவின் உருண்டை எழுத்தில் இருந்தது: 'சர்வரில் மேல் டிஸ்க் போச்சு என்று சர்வீஸில் இருந்து வந்து மாற்றினார்கள். மெஷினை ஆஃப் பண்ணவில்லை. வேலை நிற்கவில்லை.' அதற்குக் கீழே பில் நம்பர்.

எல்லாம் விளங்கியது. 2017-இல் டெபியன் நிறுவும்போது, பூட் லோடரை எந்த டிஸ்கில் போடட்டும் என்று கேட்டிருக்கும். முதல் டிஸ்கைக் காட்டியிருக்கிறார்கள். ரெய்டு, பாகங்களுக்குள் இருப்பதைத்தான் இரண்டிலும் ஒன்றாக வைக்கும். எல்லாப் பாகங்களுக்கும் முன்னால் இருக்கும் அந்த 446 பைட் அதன் எல்லைக்கு வெளியே. இரண்டாவது டிஸ்கில் க்ரப் ஒருநாளும் இருந்ததில்லை. ஜூனில் முதல் டிஸ்க் செத்தபோது இருந்த ஒரே க்ரப்பும் அதோடு போயிற்று. புதிய டிஸ்கில் அட்டவணையைப் போட்டு, ரெய்டில் சேர்த்து, டேட்டா ஒத்துப்போனதும் வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். சர்வர் ஓடிக்கொண்டே இருந்ததால் பூட் லோடர் தேவைப்படவில்லை. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போன பிறகும் ஓடிக்கொண்டிருந்த லாரி அது. என்றைக்கு யார் நிறுத்தினாலும் அன்றைக்குப் படுத்திருக்கும். கரண்ட் போன நாளில் அக்கா நிறுத்தினார், அவ்வளவுதான். சொல்லப்போனால், யுபிஎஸ் செத்து மெஷின் தானாக விழுவதற்கு முன் முறையாக ஷட்டவுன் கொடுத்ததால்தான் கோப்புகள் இவ்வளவு சுத்தமாக இருந்தன.

இதை நான் சாரிடம் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். ஆடிட்டர் அல்லவா, தேதியும் பில் நம்பரும் மணிக்கணக்கும் ஒன்றோடொன்று டேலி ஆனதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. 1,974-ஐ அவரே ஒருமுறை கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி அக்கா கையில் கொடுத்து, "நீ உட்காரும்மா முதல்ல" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. அக்காவுக்கு அது போதுமா போதாதா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் போதவில்லை.

சரி செய்த வேலை, கண்டுபிடித்த வேலையில் பாதிகூட இல்லை. செய்முறை நோட்டில் குறித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பென் டிரைவில் இருந்து எழுந்த லினக்ஸில், சர்வரின் ரெய்டை இப்போது எழுதவும் முடிகிற மாதிரி மவுன்ட் செய்ய வேண்டும். அங்கே ஒரு சின்னத் தொந்தரவு வரும்: சர்வரில் எம்டி 0 என்று இருந்த ரெய்டு இங்கே எம்டி 127 என்று வேறு பெயரில் நிற்கும். பயப்பட வேண்டாம், ஆள் அதே ஆள்தான். பிறகு டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதற்குள் பைண்ட் செய்து, சிஎச்ரூட் கொடுத்து உள்ளே நுழைய வேண்டும். இப்போது நாம் சர்வரின் சொந்த லினக்ஸுக்குள் நிற்கிறோம். க்ரப் இன்ஸ்டால் கட்டளையை முதல் டிஸ்குக்கு ஒருமுறை, இரண்டாவது டிஸ்குக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். பாகத்தின் பெயரை அல்ல, முழு டிஸ்கின் பெயரைக் கொடுக்க வேண்டும். எண் சேர்க்கக் கூடாது. கடைசியில் அப்டேட் க்ரப். இரண்டாவது டிஸ்குக்கு உரிய கட்டளையை நான் அடிக்கவில்லை, அக்காவை அடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக, உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே அடித்தார். பிழை எதுவும் இல்லை என்று வந்ததும் என்டர் கீயில் இருந்து விரலை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தோம். கறுப்புத் திரையில் க்ரப் மெனு வந்தது. ஐந்து விநாடி எண்ணியது, டெபியன் எழுந்தது. பயாஸில் வரிசையை மாற்றி இரண்டாவது டிஸ்கில் இருந்தும் ஒருமுறை எழுப்பிப் பார்த்தோம். மணி இரண்டே முக்கால். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குக் கடைசி ரிட்டர்ன் போயிற்று. அன்று ஆபீஸில் எல்லோருக்கும் பரோட்டா, சார் செலவு.

வைவாவில் உதவும் என்று இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். க்ரப் மெனுவுக்குப் பாஸ்வேர்டு போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். 2015-இல் ஸ்பெயினில் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், யூசர்நேம் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் கீயை 28 முறை தட்டினால் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போக முடிகிறது என்று காட்டினார்கள். 2009-இல் இருந்து அந்த ஓட்டை அங்கேயே இருந்திருக்கிறது! உடனே அடைத்துவிட்டார்கள். நம் லேப் கம்ப்யூட்டர்களில் தட்டிப் பார்த்துக் கீபோர்டைக் கெடுக்க வேண்டாம் என்று லேப் உதவியாளர் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.

சனிக்கிழமை நானும் அக்காவும் மறுபடி சர்வர் முன்னால் உட்கார்ந்தோம். ரிட்டர்ன் எல்லாம் போய்விட்டது, பேக்கப்பும் புதிதாக எடுத்தாயிற்று. மெஷினை நிறுத்தி முதல் டிஸ்கை நிஜமாகவே கழற்றி வெளியே வைத்துவிட்டு ஸ்விட்ச் போட்டோம். எழுந்தது. திரும்ப மாட்டி, ரெய்டில் சேர்த்து, இரண்டும் ஒத்துப்போகும் வரை பொறுத்திருந்தோம். இந்தப் பொறுமை முக்கியம். அவசரப்பட்டு அடுத்ததைக் கழற்றினால் பழைய டேட்டாவோடு எழுந்து நிற்கும். பிறகு இரண்டாவதைக் கழற்றினோம். எழுந்தது. காத்திருந்த நேரத்தில் கீழே போய் டீ குடித்தோம். அக்கா தன் மகள் பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா என்று விசாரித்தார். கம்ப்யூட்டர் பிரிவில் சேருங்கள் என்றேன். "சிவில் நல்லதுன்னு சொல்றாங்களே" என்றார். கவிதை எழுதுவாளா என்று கேட்டேன். அவருக்கு ஏன் கேட்கிறேன் என்று புரியவில்லை.

மாடிக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் புதிய பக்கத்தில் எழுதினார். 'செப்டம்பர் 21, சனி. இரண்டு டிஸ்கிலும் க்ரப் இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி பூட் பண்ணிப் பார்த்தாயிற்று. டிஸ்க் மாற்ற யார் வந்தாலும், போவதற்கு முன் மெஷினை ஒருமுறை நிறுத்தி எழுப்பிக் காட்டச் சொல்ல வேண்டும்.' பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்கு நோட்டை என் பக்கம் தள்ளினார்.